புதுப்பிப்பு: மணி கோக்கும் பிறந்தநாள் விருந்து, முதல் கணக்கு

குழந்தைகளின் பிறந்தநாளில் மணி கோத்து நகை செய்யும் விருந்து நடத்தித் தரலாமா, தலைக்கு 350 ரூபாய் கேட்டால் தருவார்களா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடியில் 12 பிள்ளைகளுடன் முதல் விருந்து முடிந்தது.

வரவு 4,200. சௌகார்பேட்டையில் வாங்கிய மணி, எலாஸ்டிக் நூல், டப்பாக்கள் 1,340, ஆட்டோ 260. மிச்சம் 2,600. இரண்டு இரவு உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்ததற்குக் கூலி போடவில்லை. போட்டால் மனம் உடைந்துவிடும்.

மாட்டிக்கொண்டது எழுத்து மணியில்தான். கலவைப் பாக்கெட்டில் எல்லா ஆங்கில எழுத்தும் கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கும். நம் பிள்ளைகளின் பெயரிலோ திரும்பிய பக்கமெல்லாம் 'ஏ'. அனன்யா ஒருத்திக்கே மூன்று போயிற்று. கடைசியாக வந்த சிறுமிக்கு 'வி'யைத் தலைகீழாகக் கோத்துக் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நடுவில் கோடு இல்லையே" என்றாள். ஸ்கெட்ச் பேனாவால் போட்டுக் கொடுத்தேன்.

முடிச்சை மட்டும் பிள்ளைகளிடம் விடாதீர்கள். எலாஸ்டிக் நூல் வழுக்கும். இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, மேலே ஒரு சொட்டுப் பசை வைத்தால்தான் நிற்கிறது.

நீங்கள் எச்சரித்தது போலவே அழையாத தம்பி தங்கைகளும் வந்தார்கள். மூன்று வயதுகூட ஆகாதவர்கள் மணியை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கிவிடும் என்பதால், வண்ணம் தீட்டக் காகிதம் கொடுத்து அம்மாக்களிடம் உட்கார வைத்தேன்.

அடுத்த விருந்து வளசரவாக்கத்தில். 'ஏ' மட்டும் தனியாக ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன்.