'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' பயிற்சி: நான்காம் வாரத்துக்கு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஜூலியா கேமரூனின் 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' புத்தகத்தை வைத்து, படைப்பாற்றலை மீட்டெடுக்க அதில் சொல்லியிருக்கும் 12 வாரப் பயிற்சியை நானாகவே செய்து வருகிறேன். காலைப் பக்கங்கள் நன்றாகவே போகின்றன. எழுந்ததும் கையால் 3 பக்கம், மனதில் வருவதை அப்படியே எழுத வேண்டும். முதல் பக்கம் முழுக்க முடிக்காத வேலைகள், யார் மீதோ உள்ள கோபம் என்றுதான் ஓடும். மூன்றாம் பக்கத்தின் பாதியில், எப்போதோ பாதியில் விட்ட ஓவியத்துக்கு என்ன நிறம் வேண்டும் என்பது சட்டென்று வந்து நிற்கும். அதற்காகவே விடாமல் எழுதுகிறேன்.

சிக்கல் நான்காம் வாரத்தில்தான். அந்த வாரம் எதையும் வாசிக்கக் கூடாது என்கிறார். புத்தகம் வெளிவந்தது 1992-இல். அன்றைக்கு நாவலையும் செய்தித்தாளையும் தள்ளிவைத்தால் போதும். இன்றைக்கு என் வேலையே மின்னஞ்சலும் வாட்ஸப்பும்தான். வேலைக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு மற்றதை நிறுத்தினால் பலன் இருக்குமா? முடித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? பாட்காஸ்ட்டையும் விட்டுவிட்டீர்களா?

அப்புறம், வாரம் ஒருமுறை தனியாக, மனதுக்குப் பிடித்ததைச் செய்யப் போக வேண்டுமே, அதுவும் இழுபறிதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு 2 மணி நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டிக்கொண்டு போனால் கவனம் முழுக்க அவள் மேல்தான் இருக்கும். அவள் தூங்கும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே செய்யலாமா? அப்படிச் செய்தவர்கள் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். வரும் திங்களன்று நான்காம் வாரம் தொடங்குகிறது, அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.