டிஜிடாக்ட் (பதிவான ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, இசைக்கும் எலெக்ட்ரான் தாளக் கருவி): ப்ராஜெக்ட் மாற்றினால் பேட்டர்ன் போய்விடுகிறது

ஜார்ஜ்டவுன் உறுமி: அண்ணே, ஃபங்க்‌ஷன், யெஸ் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தித்தான் பேட்டர்னை, அதாவது அமைத்த தாளத்தை, சேமிக்கிறேன். வேறு ப்ராஜெக்ட் (பேட்டர்ன்கள் அடங்கிய தொகுப்பு) திறந்துவிட்டுத் திரும்பினால் பழையதுதான் நிற்கிறது. தைப்பூசத்துக்குள் சரியாகணும்.

செந்தூல் பீட்: தம்பி, அது தற்காலிகச் சேமிப்பு. ஃபங்க்‌ஷன், நோ அழுத்தினால் அந்தப் புள்ளிக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். வேறு ப்ராஜெக்டை ஏற்றினால் இப்போது திறந்திருப்பதன்மேல் அது எழுதிவிடும். ஏற்றுமுன் செட்டிங்ஸ், ப்ராஜெக்ட், சேவ் ப்ராஜெக்ட் ஆஸ். ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் கொடுங்கள்: உறுமி 01, உறுமி 02. 128 இடம் இருக்கு, கஞ்சத்தனம் வேண்டாம்.

பட்டர்வொர்த் சிந்த்: ப்ராஜெக்டுக்குள் சாம்பிள் ஒலி இருக்காது, எது வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. கருவியின் உள் சேமிப்பகமான ப்ளஸ் டிரைவில் அந்த உறுமி ஒலியை அழித்தால் அடுத்த முறை ஏற்றும்போது ட்ராக் ஊமை. எலெக்ட்ரான் டிரான்ஸ்ஃபர் என்ற கணினி மென்பொருளில் ப்ராஜெக்ட், சாம்பிள் இரண்டையும் கணினிக்கு எடுத்துவையுங்கள்.