மூடுபனியில் ஓடும் வண்டிக்கு ஹசார்டு லைட் தேவையா?

நாலுவழி:
மூடுபனியில் ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்குவது) போட்டு ஓட்டுவது தப்பு என்று ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். சாதாரண டெயில் பல்பு 5 வாட், இண்டிகேட்டர் பல்பு 21 வாட். பின்னால் வருபவர் கண்ணில் எது முதலில் படும்?

இடப்பக்கம்:
21 வாட் சரி. நாலு மூலையும் மினுக்கினால் லேன் மாறுவதை எப்படிச் சொல்வீர்கள்? பல வண்டிகளில் ஹசார்டு எரியும்போது இண்டிகேட்டர் போட்டாலும் வெளியே தெரியாது. பத்து வண்டி ஓடிக்கொண்டே மினுக்கினால், பழுதாகி நிற்கும் லாரியை எப்படி அடையாளம் காண்பது? பின்பக்கம் தெரியத்தான் ரியர் பாக் லேம்ப் (பின்பக்க மூடுபனி விளக்கு). அதுவும் 21 வாட் பல்புதான், ஆனால் விடாமல் எரியும். இடைவெளி குறைகிறதா என்று கண் கணிக்க அதுதான் தோது.

நாலுவழி:
அது இல்லாத வண்டி? இருப்பவர்களும் பனி விலகிய பிறகு அணைப்பதில்லை. பிரேக் லைட் அளவுக்கு வெளிச்சம், பிரேக் அடித்ததே தெரியாது.

இடப்பக்கம்:
அணைக்காதது ஓட்டுபவர் தப்பு. ஜெர்மனியில் மூடுபனியால் பார்வை தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால்தான் அதைப் போடலாம். அப்போது வேகமும் 50 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இல்லாத வண்டிக்கு லோ பீம், துடைத்த டெயில் லைட், குறைந்த வேகம்.

சென்சார்:
ஆட்டோ ஹெட்லைட்டை மறந்துவிட்டீர்கள். பகல் மூடுபனி வெளுப்பாக இருக்கும். சென்சார் வெளிச்சத்தை மட்டும் அளப்பதால் லைட்டைப் போடாது. முன்னால் டிஆர்எல் (பகலில் தானாக எரியும் விளக்கு) எரியும், பல வண்டிகளில் பின்னால் ஒன்றுமே எரியாது. ஸ்விட்சைக் கையால் லோ பீமுக்குத் திருப்ப வேண்டும். ஹை பீம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். மஞ்சள் பல்பு பனியைத் துளைக்கும் என்பதும் சும்மா; துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

நாலுவழி:
லோ பீம் ஒப்புக்கொள்கிறேன். முன்னால் போகிற வண்டிகள் திடீரென நின்றால்?

இடப்பக்கம்:
அப்போது ஹசார்டு போடுங்கள், பின்னால் வருபவர் வேகம் குறைத்ததும் அணையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் சுதாரிக்கும் ஒன்றரை நொடிக்குள் 25 மீட்டர் போயிருக்கும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 30, 35 மீட்டர். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அந்த வேகமே தப்பு.

நாலுவழி:
ஓரம் கட்டினால் ஹசார்டு கட்டாயம்தானே?

சென்சார்:
பொதுவாக ஆமாம். ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் புழுதிப்புயலுக்கு நேரெதிராகச் சொல்கிறார்கள்: சாலையை விட்டு முழுதாக இறங்கு, எல்லா லைட்டையும் அணை, ஹேண்ட்பிரேக் போடு, பிரேக் பெடலிலிருந்து காலை எடு. இல்லாவிட்டால் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, சாலை அந்தப் பக்கம் போகிறது என்று நினைத்து வந்து மோதுவார்கள்.

நாலுவழி:
முழுதாக இறங்க இடமிருந்தால் சரி. ஒரு சக்கரம் தார் ஓரத்தில் இருந்தாலும் நான் அணைக்கமாட்டேன்.