மறுமொழி: டீலேமினேஷன் – 'பொருக்கு' என்றால் என்ன?

அனைவருக்கும் வணக்கம். வாகன நிறுத்தத் தளப் பழுதுபார்ப்புக் கையேட்டில் 'டீலேமினேஷன்' என்பதற்குப் 'பொருக்கு' என்று எழுதலாம் என்கிறேன். ஏன் என்பதற்குத்தான் இந்த மறுமொழி.

> ஸ்பாலிங், டீலேமினேஷன் இரண்டும் கான்கிரீட் கெட்டுப்போவதுதானே. 'சிதைவு' என்ற ஒரே சொல் போதாதா?

போதாது ஐயா. வாகன நிறுத்தத் தளத்தைப் பழுதுபார்க்கும் கையேட்டில் இவ்விரண்டும் கலந்தால் அளவெடுப்பிலிருந்து கூலிக் கணக்கு வரை எல்லாம் குழம்பும். ஸ்பாலிங் கண்ணுக்குத் தெரியும். சில்லு விழுந்து, துருப்பிடித்த கம்பி பல்லை இளிக்கும். டீலேமினேஷன் அப்படியல்ல. மேலே தளம் ஒழுங்காகத்தான் இருக்கும். கம்பி மட்டத்தில் கான்கிரீட் விட்டுப்போயிருக்கும்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பிக்குக் காப்பு. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டினால் அந்தக் காப்பு உடைகிறது. துருவுக்கு இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். கான்கிரீட் அந்த நெருக்குதலைத் தாங்காமல், கம்பிக்குக் கம்பி விரிசல் ஓடி, பாளமாகப் பிரிகிறது.

குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பைக் கார்ச் சக்கரங்களே கொண்டுவந்து கொட்டுகின்றன. கனடாவின் எலியட் லேக்கில் 2012 ஜூன் 23 அன்று ஒரு வணிக வளாகத்தின் கூரைமேல் வாகன நிறுத்தம் இடிந்து இருவர் இறந்தனர். ஆண்டுக்கணக்கில் ஒழுகிய தண்ணீர் இரும்பு இணைப்பை அரித்திருந்தது. நமக்குப் பனி இல்லை. ஆனால் பாலாறு இருக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பு நிலத்தடி நீரில் இறங்கியது ஊரறிந்த கதை. அப்படிப்பட்ட கிணற்று நீரில் குழைத்த கான்கிரீட்டில் உப்பு உள்ளேயே குடியிருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000). அந்த நாளில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

> பாடநூல்களுக்கு 'அடுக்குப் பிரிகை' பொருந்தும்.

ஒட்டுப்பலகைக்குப் பொருந்தும். கான்கிரீட் தளத்தில் அடுக்கு ஏது? கொத்தனார் அதைப் படித்தால், தளத்தின்மேல் போட்ட சிமெண்டுப் பூச்சு விட்டுப்போனது என்றுதான் எடுத்துக்கொள்வார். அது வேறு கோளாறு, வேறு வைத்தியம்.

என் பரிந்துரை 'பொருக்கு'. கோடையில் எங்கள் ஊர் ஓட்டேரி ஏரி வற்றியதும் வண்டல் வெடித்து, அடியில் இடைவெளி விட்டுத் தனியாக நிற்குமே, அதேதான். 'தளம் பொருக்கு விட்டிருக்கிறது', 'பொருக்கை வெட்டி எடு' என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது. மேற்பரப்பு மட்டும் உதிரும் ஸ்கேலிங்குக்குச் 'செதிலுதிர்வு', ஸ்பாலிங்குக்குச் 'சில்லுப் பெயர்வு' என்று வைத்துக்கொண்டால் மூன்றும் முட்டிக்கொள்ளாது.

காட்பாடிப் பக்கம் ஒரு வளாகத்தின் கீழ்த்தளத்தில் இதைக் காதால் கேட்டேன். மேஸ்திரி சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், பிறகு பொத். சத்தம் மாறிய இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடு. விரிசல் ஒரு சாண்தான். கோடு போட்டு முடித்தபோது கார் ஒன்றை நிறுத்தும் அகலம். "மேலே பூசிவிட்டால் போதாதா?" என்றார் வளாகக் காப்பாளர். பொருக்குக்கு மேல் பூசுவது காசைக் கரியாக்குவது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, பிறகே பழுதுக்கலவை.

வாட்டர்ப்ரூஃபிங்குக்கு 'நீர்த்தடுப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம், சண்டை வேண்டாம். வீட்டு மாடியில் பதிக்கும் தட்டு ஓடு சக்கரத்துக்குத் தாங்காது என்பதால், மணல் பதித்த பாலியூரித்தேன் படலத்துக்கு மட்டும் 'ஓடுதள நீர்த்தடுப்பு' என்று தனிப்பெயர் தரலாம்.

இன்னொன்றுக்குத்தான் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ஒட்டுப் போட்ட இடம் நன்றாயிருக்க, அதைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் கம்பி புதிதாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். முன்பு துருப்பிடித்த பகுதி தான் அரிபட்டுப் பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் பக்கத்தில் உப்பு ஊறிய பகுதிக்கு முறை வந்துவிடுகிறது. இதைத் தள்ளிப்போடத்தான் ஒட்டின் ஓரத்தில், கம்பிக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு கட்டுகிறோம். 'விளிம்புத் துரு', 'ஒட்டோரத் துரு' இரண்டையும் எழுதிப் பார்த்தேன். காரணத்தையும் சொல்லும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கையேட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
வேலூரிலிருந்து