வாக்களிக்கும் வயதை 16 ஆக்கினால் மட்டும் போதுமா?

கேள்வி:
வயதை 16-ஆகக் குறைத்த நாடுகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே ஓட்டுப் போட வருகிறார்களா? சட்டத்தைத் திருத்தினால் போதுமா, வேறு ஏற்பாடும் வேண்டுமா?

பதில் 1:
வருகிறார்கள். ஆஸ்திரியா 2007-ல் எல்லாத் தேர்தல்களுக்கும் வயதை 16 ஆக்கியது. 2010 வியன்னா, 2012 கிரெம்ஸ் தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பட்டியல்களை எடுத்து ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 18–20 வயதினரைவிட 16–17 வயதினரே அதிக விகிதத்தில் வாக்களித்திருந்தார்கள். 16 வயதில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள், பெற்றோர் ஓட்டுப் போடப் போகும்போது கூடவே போகிறார்கள். 18, 19-ல் படிப்புக்கும் வேலைக்கும் ஊர் மாறிவிடுகிறார்கள், பெயர் மட்டும் பழைய முகவரியில் கிடக்கிறது. முதல் ஓட்டைத் தவறவிட 18 மிகவும் வசதியான வயது!

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஆஸ்திரியாவில் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் பட்டியல் உருவாகிறது, யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வேல்ஸில் 2021-ல் அவரவரே விண்ணப்பித்துப் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செனெத் (வேல்ஸ் நாடாளுமன்றம்) தேர்தலில் 16–17 வயதினர் முதல்முறை தகுதி பெற்றும், பாதிப் பேர்கூடப் பதிவு செய்யவில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததும் ஒரு காரணம்.

மலேசியா 2019-ல் 21-லிருந்து 18-க்குக் குறைத்தபோது தானியங்கிப் பதிவையும் அதே திருத்தத்தில் சேர்த்தது. இரண்டும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. 2018-ல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-ல் 2.1 கோடியைத் தாண்டியது. பட்டியல்தான் முதல் வேலை, பிரச்சாரம் அதற்குப் பிறகுதான்.

பதில் 3:
எந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தலுக்கான 18 வயது அடிப்படைச் சட்டத்திலேயே (அந்நாட்டின் அரசியலமைப்பு) இருக்கிறது, அதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சாதாரணச் சட்டம் போதுமானதாக இருந்தது. அதனால் 2024-ல் 16 வயதினர் அதில் வாக்களித்தார்கள்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. 16-ல் ஓட்டுப் போட அதற்கு முன்பே பெயர் ஏற வேண்டும், ஸ்காட்லாந்தில் 14 வயதிலேயே பதியலாம். பட்டியலைக் கட்சிகள் வாங்கிப் பார்ப்பதால், 16-க்குக் கீழ் உள்ளவர்களின் விவரம் வெளியிடும் பிரதியில் வராதபடி அங்கே சட்டமே தடுக்கிறது. இதை மசோதாவிலேயே எழுதிவிட வேண்டும். விதிமுறைகளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிள்ளைகளின் முகவரி முதல் தேர்தலிலேயே வெளியே போய்விடும்.