ஃபிஜி மொழியில் எண்ணப் பழக உதவி தேவை

வணக்கம். வேலைக்காக ஃபிஜியின் தலைநகர் சுவா போகிறேன். அங்கே ஆங்கிலமும் ஃபிஜி இந்தியும் போதும் என்கிறார்கள். ஆனால் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாக்களிடம் அவர்கள் மொழியிலேயே விலை கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

ஒன்றிலிருந்து பத்து வரை மனப்பாடம்: துவா, ருவா, தோலு, வா, லிமா, ஓனோ, விது, வாலு, திவா, தினி. பதினொன்று 'தினி கா துவா', இருபது 'ருவாசங்காவுலு'. இந்த அடுக்கு அழகாகப் புரிகிறது. சிக்கல் உச்சரிப்பில்தான். 'துவா'வுக்கு முன்னால் மெல்லிய 'ந்' ஒலி உண்டு (நாடி என்று எழுதும் ஊரை நாந்தி என்பதுபோல). 'திவா'வின் முதல் எழுத்தோ 'அது'வில் வரும் மென்மையான த. ஃபிஜிக்காரர் யாராவது நிதானமாக எண்ணும் ஒலிப்பதிவு இருந்தால் பகிருங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. ஆட்களை எண்ணும்போது 'லேவே' சேர்க்கிறார்களே, பேச்சில் அதை விட்டுவிட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமா? நூறு தேங்காய்க்கு 'கோரோ', நூறு படகுக்கு 'போலா' என்று பழைய தனிச்சொற்கள் உண்டு. கிராமங்களில் இன்னும் அப்படி எண்ணுகிறார்களா? அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.