ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் கையில் தெர்மாமீட்டர்: உணவுப் பாதுகாப்பு ஆய்வு அனுபவப் பகிர்வு

கடலோரன்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு இறால் பிளாண்ட். ஐரோப்பிய ஆணையத்தின் ஆடிட் குழு வந்திருக்கிறது. அந்த நாள் எப்படிப் போகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே கோல்டு ஸ்டோரேஜுக்குப் போய்விடுகிறேன். ஆடிட்டர் பிளாண்ட் மேனேஜரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நம் அரசு அதிகாரியிடம், "வழக்கமாக எப்படிச் சோதிப்பீர்களோ அப்படியே செய்யுங்கள், நான் பார்க்கிறேன்" என்றார்.

அதிகாரி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தார். 2 கிலோ உறைந்த இறால் பிளாக்கின் மேல் தெர்மாமீட்டரின் புரோபை (அளக்கும் கம்பியை) வைத்து அழுத்தினார். மைனஸ் 11 காட்டியது. சுவரில் இருந்த டிஸ்ப்ளே மைனஸ் 20. மேனேஜர் முகம் வெளுத்துப்போனது. சரக்கில் எந்தக் கோளாறும் இல்லை. புரோப் அந்த நிமிடம்தான் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. உடம்புச் சூட்டில் இருந்த கம்பியை ஐஸ் பூச்சின் மேல் வைத்தால் அது வேறு எதைக் காட்டும்?

முறை என்ன என்பது ஐரோப்பிய விதியிலேயே தெளிவாக இருக்கிறது. முதலில் பெட்டியைக் கெடுக்காமல், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே புரோபை நுழைத்துப் பார்ப்பது. அதில் சந்தேகம் வந்தால்தான் துளை. துளைக்கும் கருவியையும் புரோபையும் அதே குளிரறையில் வைத்து முன்கூட்டியே குளிரவிட வேண்டும். மேற்பரப்பிலிருந்து 2.5 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, உடனே புரோபைச் செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாமே குளிரறைக்குள். பிளாக்கை வெளியே மேசைக்குக் கொண்டுவந்தாலே அளவு கெட்டுவிடும். தெர்மாமீட்டரின் பிழை 0.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

அந்த அதிகாரி வெளிநாட்டுப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவர். ஹாசப்பின் (உணவில் வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுக்கும் முறையின்) ஏழு கோட்பாடுகளையும் வரிசையாகச் சொல்வார். ஆனால் எந்தப் பயிற்சியிலும் உறைந்த பிளாக் ஒன்றை அவர் கையில் கொடுத்து "அளந்து காட்டு" என்று யாரும் சொன்னதில்லை. இதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூட்டைக்கணக்கு

நிலக்கடலைக்கு வாருங்கள், இதைவிட மோசம். 20 டன் லாட் (ஒரே தொகுதிச் சரக்கு), ஐரோப்பாவுக்குப் போக வேண்டியது, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை விஷத்துக்குச் சாம்பிள் எடுக்கிறார்கள். குடோன் கதவோரம் கைக்கு எட்டிய ஏழெட்டு மூட்டைகளில் குத்தூசியைச் செருகி, ஒரு பாலித்தீன் பையில் இரண்டு கிலோ கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். லேப் ரிப்போர்ட் சுத்தம். அங்கே துறைமுகத்தில் எடுத்த சாம்பிள் வரம்பைத் தாண்டியது. ஏற்றுமதியாளர், "அவர்கள் லேப் தப்பு" என்று சண்டைக்குப் போனார். லேப் இரண்டுமே சரிதான். தப்பு அந்த இரண்டு கிலோவில்.

பூஞ்சை லாட் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. ஓடு உடைந்த, பூச்சி அரித்த, சுருங்கிய ஒருசில பருப்புகளில் மட்டும் விஷம் மிக அதிகமாகக் குவிந்திருக்கும், பக்கத்துப் பருப்பில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றிரண்டு பருப்பு உங்கள் பையில் விழுந்தால் ஃபெயில், விழாவிட்டால் பாஸ். அதனால்தான் இந்த அளவு லாட்டுக்கு 100 இடங்களில், இடத்துக்கு 200 கிராம் வீதம், 20 கிலோ எடுக்கச் சொல்கிறது விதி. அடுக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் வர வேண்டும். அதற்கு அடுக்கைப் பிரிக்க ஆள் வேண்டும், அரை நாள் ஆகும். சிறந்த வழி, மூட்டைகளை லாரியில் ஏற்றும்போதே எண்ணி, இத்தனை மூட்டைக்கு ஒன்று என்று எடுத்துவிடுவது.

ஐரோப்பிய வரம்பு, நேரடியாகத் தின்னும் கடலைக்கு அஃப்ளாடாக்சின் பி1 வகை 2, எல்லா வகையும் சேர்த்து மொத்தம் 4 மைக்ரோகிராம், ஒரு கிலோவுக்கு. தரம் பிரித்துப் பதப்படுத்தப் போகும் சரக்குக்கு முறையே 8, 15. சர்வதேச உணவுத் தர விதியான கோடெக்ஸின் மொத்த அளவும் பதப்படுத்தும் சரக்குக்கு 15தான். இன்னொன்றையும் கவனியுங்கள். 20 கிலோவை இரண்டு 10 கிலோவாகப் பிரித்துச் சோதிக்கும்போது, தின்னும் சரக்கானால் இரண்டில் ஒன்று தாண்டினாலும் லாட் முழுவதும் போச்சு. பதப்படுத்தும் சரக்குக்குச் சராசரி பார்ப்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாமலே ஆவணத்தில் "தின்ன" என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

லேபிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 10 கிலோவையும் முழுசாக அரைக்காமல், மேலாக 500 கிராமை அள்ளி மிக்சியில் போட்டால், வெயிலில் நின்று 100 இடத்தில் குத்தியது வீண். தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்து அதிலிருந்து எடுப்பதுதான் நம்பத்தக்கது.

ஆறாம் மேசை

கடலோரன் சார், நீங்கள் சொன்ன சம்பவம் உண்மைதான், ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. தெர்மாமீட்டரை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஐரோப்பியக் குழு ஆடிட் செய்வது பிளாண்டை அல்ல, அரசுக் கட்டுப்பாட்டு முறையை. பிளாண்ட் அவர்களுக்கு ஒரு ஜன்னல். அதன் வழியாக "இதை உங்கள் அதிகாரி ஏன் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எங்கே எழுதினார், எழுதியதற்கு என்ன நடவடிக்கை" என்று பார்க்கிறார்கள். 1997 ஆகஸ்டில் இந்தியக் கடலுணவை ஐரோப்பா மொத்தமாக நிறுத்தியதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. ஒருசில பிளாண்ட்களின் அழுக்குக்கு நாடே விலை கொடுத்தது.

எனக்கு உறுத்துவது வேறொரு ஆடிட். ஆடிட்டர் பழைய ஆய்வறிக்கைகளை வரிசையாகப் புரட்டினார். ஒரே பிளாண்ட், ஆறு அறிக்கை, ஆறிலும் அதே வாக்கியம்: "சுகாதாரம் திருப்திகரம், சிறு குறைகள் வாய்மொழியாகச் சுட்டிக்காட்டப்பட்டன." எழுந்து நேரே இறால் உரிக்கும் பீலிங் ஷெட்டுக்குப் போனார். மேசைகளுக்கு மேலே ஓடிய குளிர்காற்றுக் குழாயில் நீர் வியர்த்து, உரித்த இறால் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மேல் இருந்த கறை பல மாதக் கறை. அவர் கேட்டது ஒன்றே: "ஆறில் எந்த அறிக்கையில் இது இருக்கிறது?"

பயிற்சி கொடுக்க வேண்டியது இதற்குத்தான். "சுகாதாரம் சரியில்லை" என்பது குறிப்பே அல்ல. எந்த மேசை, என்ன நேரம், எது எதன்மேல் சொட்டியது, அப்போது அந்த மேசையில் இருந்த லாட் எண் என்ன, அதை ஒதுக்கினார்களா, எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள், மறுபடி போய்ப் பார்ப்பது யார். இத்தனையும் இருந்தால்தான் அது குறிப்பு.

கடலோரன்

ஆறாம் மேசை, குழாய் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தால் போதும். மைனஸ் 11ஐ எழுதினால்? அதே உங்கள் முறைப்படி லாட் எண்ணும் நேரமும் போட்டு, அழகாக எழுதப்பட்ட தப்பான குறிப்பு. அதை நம்பி நல்ல சரக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அளக்கத் தெரிந்த பிறகுதான் எழுதுவது.

நீர்கொழும்பு வாசி

நீங்கள் ரெண்டு பேரும் சொல்றது சரி, ஆனால் மூக்கை விட்டுவிட்டீங்கள். எங்கட பக்கம் சூரை மீன் ஏற்றுமதி. பலநாள் படகுகள் கரைக்கு வர வாரக்கணக்கு ஆகும், ஐஸ்தான் எல்லாம். ஒரு பயிற்சியில், வெளியில் இருந்து வந்த பயிற்சியாளர் உறைந்த மீனில் டிரில் போட்டார். பிட்டை வெளியே இழுத்த உடனே மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். டிரில் சுழல்ற சூட்டில் அந்த இடத்துச் சதை இளகி, மணம் பிட்டோட வந்துவிடும். உறைந்த மீனை வெறுமனே முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அதுவரை அங்கே இருந்த பரிசோதகர்கள் வெறுமனேதான் முகர்ந்துகொண்டிருந்தவை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின்ர வழிகாட்டியில் ஒரு லாட்டுக்குக் குறைந்தது 118 மீன் முகர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கு. கெட்ட மணம் உள்ளது 2.5 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேணும், அதாவது 118ல் ரெண்டு மீன் வரைதான். ஆனால் மணம் மட்டும் போதாது. மணமே இல்லாத மீனிலும் ஹிஸ்டமின் (மீன் கெடும்போது உண்டாகும் நச்சுப் பொருள்) கூடுதலாக இருக்கலாம். ஒருமுறை உண்டானால் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, டின்னில் அடைத்துச் சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் ஐரோப்பா ஒரு லாட்டில் 9 மாதிரி கேட்குது: சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள், 100க்கும் 200க்கும் இடையில் ரெண்டு வரை விடலாம், 200ஐ ஒன்றுகூடத் தாண்டக்கூடாது.

பிழை எங்கே நடக்கும் என்றால், செலவைக் குறைக்க மூன்று மீன் சதையை ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை செய்யும்போது. கலந்தால் வரம்பையும் மூன்றால் பிரிக்க வேணும். வரம்பு 50 பிபிஎம் (கிலோவுக்கு 50 மில்லிகிராம்) என்றால் கலவைக்கு 17. கலந்துவிட்டு 50ஐயே வைத்துப் பார்த்தால், ஒரு மீனில் 120 இருந்து மற்ற ரெண்டிலும் ஒன்றும் இல்லாமல் இருந்தால், 40 என்று பாஸ் ஆகிவிடும். நேரமும் முக்கியம். காற்றிலோ தண்ணீரிலோ 28.3 டிகிரிக்கு மேல் கிடந்த மீனை, செத்து 6 மணித்தியாலத்துக்குள் ஐஸுக்குள் வைக்க வேணும். அந்தச் சூட்டைத் தாண்டாவிட்டால் 9 மணித்தியாலம். இதைப் படகின் பதிவேட்டில் பார்க்காமல் பிளாண்டில் மட்டும் பார்த்துப் பிரயோசனமில்லை.

பெல்ட் லைன்

மெட்டல் டிடெக்டர் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டு ஆய்வு ஒன்றில் பார்த்தது. வந்திருந்த இறக்குமதி நாட்டு அதிகாரி உலோக டெஸ்ட் துண்டைத் தனியாக பெல்ட்டில் வைக்கவிடவில்லை. இறால் பாக்கெட்டின் நடுவே திணித்து ஓடவிடச் சொன்னார். மெஷின் சத்தமே போடவில்லை.

எல்லோரும் துண்டை பெல்ட்டின் மேல் ஓரமாக வைத்து ஓடவிட்டு, சத்தம் கேட்டதும் கையெழுத்துப் போடுகிறார்கள். செவ்வக வாயுள்ள டிடெக்டரில் உணர்திறன் மிகக் குறைவான இடம் வாயின் நடுமையம். அங்கேதான் சோதிக்க வேண்டும், சரக்கோடு சேர்த்து. இரும்பு, செம்பு அல்லது பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்றும் தனித்தனியாக. பிளாண்ட்களில் சாதாரணமாக முறையே 1.5, 2.0, 2.5 மி.மீ. துண்டுகளைப் பார்க்கலாம், ஆனால் அது வாயின் உயரத்தையும் சரக்கையும் பொறுத்தது. ஸ்டீல் 316தான் பிடிக்கக் கடினம். கத்தி, வலை, தட்டு எல்லாம் ஸ்டீல் என்பதால் அதுதான் முக்கியமும்கூட.

உணர்திறன் ஏன் குறைந்திருந்தது? உப்பும் ஈரமும் மின்சாரத்தைக் கடத்தும். பிளாக் நன்றாக உறைந்திருக்கும்போது சிக்னல் சிறிது. கிளேசிங் (ஐஸ் பூச்சு) முடிந்து பாக்கிங்கில் தேங்கி மேல்பரப்பு இளகினால், சரக்கே உலோகம் மாதிரி சத்தம் எழுப்பும். நல்ல பாக்கெட்டுகள் வரிசையாக ரிஜெக்ட் ஆகும். லைன் ஆள் தொல்லை தாங்காமல் உணர்திறனைக் குறைத்துவிடுவான். இறால் மறுபடி உறைந்து வந்தாலும் செட்டிங் அப்படியே நிற்கும். செட்டிங்குக்குப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், இது ஆய்வாளர்கள் கேட்காத கேள்வி.

பாக்கெட்டின் முன்முனை, நடு, பின்முனை மூன்றிலும் துண்டை வைத்து ஓடவிட வேண்டும். ரிஜெக்ட் பாக்கெட்டைத் தள்ளும் கருவி சரியான நேரத்தில் தள்ளுகிறதா என்று அதில்தான் தெரியும். இரண்டு துண்டுப் பாக்கெட்டுகளை அடுத்தடுத்து விடுங்கள், இரண்டாவதை விட்டுவிடும் மெஷின்கள் உண்டு. ரிஜெக்ட் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, பெட்டி நிரம்பினால் பெல்ட் நிற்கிறதா, காற்றழுத்தம் இறங்கினால் நிற்கிறதா என்றும் பாருங்கள். சோதனை தோற்றால், கடைசியாக ஜெயித்த சோதனை முதல் ஓடிய சரக்கு முழுவதும் ஒதுக்கப்பட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சோதனை என்றால் நான்கு மணி நேர உற்பத்தி போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை வைத்துக்கொள்வது பிளாண்டுக்கே லாபம். கத்தி முனை உடைந்த சில்லு நீளமாக இருக்கும், அது ஓடும் திசையைப் பொறுத்துத் தப்பித்துவிடும். உருண்டைத் துண்டில் ஜெயித்ததால் எல்லாமும் பிடிபடும் என்று எழுதாதீர்கள்.

மூட்டைக்கணக்கு

பெல்ட் லைன் அண்ணே, கடலைக்கும் இதே மெஷின்தான், பாஸ்வேர்டு கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்குழாய்

இறாலுக்கே திரும்புகிறேன். தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக்கான நைட்ரோஃபியூரான் இருப்பதாக ஒரு அலர்ட். அந்த மருந்து உடம்பில் சிதைந்து உண்டாகும் நான்கு வளர்சிதைப் பொருள்களில் ஏஓஇசட், ஏஎம்ஓஇசட், ஏஎச்டி மூன்றும் இல்லை, எஸ்இஎம் மட்டும் இருக்கிறது. இதைப் பார்த்ததும் பண்ணைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள், அறுவடைக்கு முந்தைய சோதனையே பொய் என்றார்கள். சாம்பிள் எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஓட்டோடு அரைத்திருந்தார்கள்.

ஓடுள்ள உயிரினங்களின் ஓட்டில் எஸ்இஎம் மருந்தே கொடுக்காமலும் இயற்கையாக உண்டு. ஓட்டை முழுக்க நீக்கி, சதையை மட்டும் அரைக்க வேண்டும். வாலோடு வரும் வகைகளில் வால் ஓட்டுத் துணுக்கு தங்கிவிடும், அதையும் பிடுங்க வேண்டும். பாட்டில் மூடியின் உள்பக்கப் பிளாஸ்டிக் சீலிலிருந்துகூட எஸ்இஎம் வரலாம், சாம்பிள் பாத்திரத்தையும் சந்தேகியுங்கள். 2022 நவம்பருக்குப் பிறகு ஐரோப்பாவின் நடவடிக்கை அளவு கிலோவுக்கு 1லிருந்து 0.5 மைக்ரோகிராமாக இறங்கிவிட்டது. முன்பு கண்ணில் படாத ஓட்டுத் துணுக்கு இப்போது பட்டுவிடும். இந்தியப் பண்ணை இறாலுக்கான எல்லைச் சோதனையை 2016ல் பாதிக்குப் பாதி கன்சைன்மென்ட் என்று உயர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆறாம் மேசை

சோதனைக்குழாய், அப்படியானால் இது சாம்பிள் எடுத்தவரின் படிவத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டோடு அனுப்பினாரா, உரித்தா என்று ஒரு கட்டம் இருந்ததா?

சோதனைக்குழாய்

இல்லை. "இறால், 500 கிராம்" என்றுதான் இருந்தது. லாட்டின் இன்னொரு பங்கு சீலோடு மைனஸ் 20ல் இருந்ததால் தப்பித்தார்கள். அதை உரித்து மறுபடி சோதித்ததில் எஸ்இஎம் கண்டறியப்படவில்லை. இப்போது அந்தப் படிவத்தில் ஓடு, தலை, வால் என்று மூன்று கட்டம் சேர்த்திருக்கிறார்கள்.

கடலோரன்

அந்த மூன்று கட்டமுள்ள படிவத்தின் நகலை இங்கே போட முடியுமா? எங்கள் பக்கத்துச் சாம்பிளர்களுக்கு அடுத்த வாரம் பயிற்சி. இந்த முறை பிளாக்கும் டிரில்லும் உரிக்காத இறாலும் மேசையில் இருக்கும்.

சோதனைக்குழாய்

போடுகிறேன், பிளாண்ட் பெயரை நீக்கிவிட்டு. பயிற்சிக்கு ஒரே லாட்டிலிருந்து ஓட்டோடு ஒன்று, உரித்தது ஒன்று என்று இரண்டு சாம்பிள் அனுப்பி வையுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.